கைதட்ட முடியாத ஊர்

வரைபடத்தின் மடிப்பில் தேய்ந்துபோன
உருகுவே ஊர் எங்களுடையது.
இங்கே யாருக்கும் இடக்கை கிடையாது.
இருக்கிறது, ஆனால்
வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கவே
அது பிறந்தது.
வலக்கையில் மாத்தே:
கசக்கும் இலை, சுரைக்காய்க் கிண்ணம், உலோகக் குழல்.
ஆகவே விழாவில் கைதட்டல் இல்லை.
மேயர் முடித்ததும்
குடுவையின் அடியை விரல்கள் தட்டும்,
தகரக் கூரையில்
ஆலங்கட்டி விழுவதுபோல.

நான் எல்பியா, நகராட்சிப் புகைப்படக்காரி.
எனக்கு உத்தரவு ஒரே வரி:
நாடா, கத்தரிக்கோல், புன்னகை.
மூன்றும் ஒரே படத்துக்குள் வர வேண்டும்.
பதினோரு ஆண்டாக வருகின்றன.
கத்தரிக்கோல் தையல்காரி நில்டாவிடம் இரவல்.
வெட்டாது. மெல்லும்.

படம் எடுத்தாயிற்று என்று
எல்லோரும் முகத்தைக் கழற்றுவார்கள் பாருங்கள்,
அப்போது இன்னொரு முறை அழுத்துவேன்.
அது சம்பளத்தில் சேராது.

முதல் போக்குவரத்து விளக்கு வந்த அன்று
சிவப்பைப் பார்த்து நின்றது ஒரு குதிரை மட்டும்.
பச்சை விழுந்தது. நகரவில்லை.
மறுபடி சிவப்பு.
பால்காரர் இறங்கி
அதன் காதில் ஏதோ சட்டம் விளக்கினார்.
அந்தப் படத்தில் குதிரைதான்
நகராட்சி உறுப்பினர் மாதிரி இருக்கிறது.

அப்புறம்,
பேருந்து நிலையக் கழிப்பறைத் திறப்பு.
வாசலில் நீல நாடா.
ஒரு நுனியைப் பிடித்திருந்தார்
துணைமேயர் ஒராசியோ பெரூத்தி.
நுனி பிடிப்பதுதான் அவர் பதவி.
மேயர் பேசினார்.
சுகாதாரம், முன்னேற்றம், தாய்நாடு.
முதல் வரிசையில்
ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த வால்தேமார்
காலைப் பின்னிக்கொண்டு நின்றார்.
மூன்றாம் முறை தாய்நாடு வந்தபோது
குனிந்து நாடாவுக்கு அடியில் நுழைந்து
கதவைச் சாத்திக்கொண்டார்.

பேச்சு நின்றது.
ஊரே காது கொடுத்தது.
தண்ணீர் பாயும் ஓசையைச்
சைகை என்று எண்ணிய பேண்டு மாஸ்டர்
கோலை உயர்த்தினார்.
பெல்ட்டை மாட்டியபடி வால்தேமார் வெளியே வந்தது
தேசிய கீதத்தின் நடுவே.
விறைத்து நின்றார். வேறென்ன செய்வார்?

பத்திரிகையில் மேயர் வந்தார்.
மற்றதெல்லாம் என் இழுப்பறைக்கு வந்தன.

போன ஆகஸ்டில் பெரூத்தி காலமானார்.
கல்லறையில் பதிக்க
பீங்கான் வட்டத்துக்கு ஒரு படம் கேட்டு
மகள் கிரிசெல்டா வந்தாள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களை விரித்தேன்.
எல்லாவற்றிலும் அஞ்சல்தலை முகம்.
"இது அப்பா இல்லை, அலுவலகம்" என்றாள்.

கொஞ்சம் தயங்கி
இழுப்பறையைத் திறந்தேன்.

கீதத்தின் நடுவே பெரூத்தி:
கண் இரண்டும் மூடி, வாய் பிளந்து,
மேல் பல்செட் பாதி இறங்கி,
அக்குளில் குடுவை சாய்ந்து
பூட்ஸிலிருந்து ஆவி பறக்க,
நாடா நுனியை மட்டும் விடாமல்
சிரிக்கிறார்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"இந்தப் பல் எங்கள் வீட்டுக்குத் தெரியும்"
என்று எடுத்துக்கொண்டாள்.

பீங்கான்காரன் இரண்டு தடவை போன் செய்தான்.
கண் மூடியிருக்கிறதே, பரவாயில்லையா?
அங்கே எல்லோருக்கும் மூடித்தான் இருக்கும் என்றேன்.

கல் திறந்த அன்று
நாடா கிடையாது. ஒரு துணி, அவ்வளவுதான்.
கிரிசெல்டா துணியை இழுத்தாள்.
யாரும் பேசவில்லை.
பாதிரியார் இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.
பின்வரிசையில் வால்தேமார்
குடுவையைப் புல்லில் வைத்தார்,
மாத்தேயை அதன் பக்கத்தில் வைத்தார்,
இரண்டு கைகளும் காலியாகி
ஒற்றை ஆளாய்த் தட்டினார்.

இந்த ஊர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.
அந்த ஒரு படத்துக்காகத்தான்
பதினோரு ஆண்டு காத்திருந்தேன் போல.

அழுத்தினேன்.
ஆனால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடி.
கழுவிப் பார்த்தால்
புல்.
கொஞ்சம் என் செருப்பு.